புறத்தார்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு இவ்வாண்டு யாது எழுதுவாய் என்று ஆசிரியர் வினவியபோது, சீன நாட்டில் வாழும் என் தமக்கையார் குடும்பத்தைப் பற்றி எழுதுவேன் என்றேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்குச் சீனம் எற்றுக்கு என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அவர்க்கு விடையாகவும், என் பெரியம்மாவிடம் நேரிற் சொல்லத் துணியாத ஒன்றை ஈண்டுச் சொல்லிவிடுதற்காகவும் இதனை எழுதுகின்றேன். பெரியம்மா இக்கல்லூரியின் பழைய மாணவர். ஆண்டுதோறும் இம்மலரை வருவித்து முதலேட்டிலிருந்து கடையேடு வரை படிப்பவர். ஆகவே, இஃது அவர் கண்ணிற் படாமற் போகாது.

தமக்கையார் என்றது பெரியப்பாவின் மகளை. அவர் கணவர் சீன நாட்டின் ஜெஜியாங் மாகாணத்திலே, ஷாவ்ஷிங் நகரைச் சார்ந்த கெச்சியாவ் என்னும் பகுதியில் துணி ஆய்வாளராகப் பணிபுரிகின்றார். 2020-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் மூடப்பட்டமையால், அத்தானும் அக்காளும் ஐந்து வயதை எட்டும் மகளும் ஊருக்கு வந்தனர். வந்த அன்றே குழந்தை பெரியம்மாவை நோக்கி, "வாய்போ!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டது. தாயின் தாயைச் சீனர் அவ்வாறு அழைப்பர். பெரியம்மாவும் மகிழ்ந்து, அச்சொல்லை அண்டை வீட்டாரிடமெல்லாம் சொல்லிக் காட்டினார். இரண்டு நாள் கழித்து, அத்தான் சொற்பொருள் விளக்கப் புகுந்தார். 'வாய்' என்பதற்குப் 'புறம்' என்று பொருளாம். 'போ' என்பதற்கு மூதாட்டி என்று பொருளாம். பெரியம்மாவின் முகம் மாறிற்று. "என் வயிற்றிற் பிறந்தவள் பெற்ற பிள்ளைக்கு நான் வெளியாளா?" என்றார். தந்தையைப் பெற்ற பாட்டியை அந்நாட்டுப் பொதுமொழியில் 'நாய்நாய்' என்று அழைப்பர், அதைவிட இது மேலன்றோ என்று யான் சொன்ன பின்னரே வீட்டில் சிரிப்பு எழுந்தது. ஆயினும், அந்தப் 'புறம்' பெரியம்மாவின் நெஞ்சில் முள்ளாக இருந்துவிட்டது. அன்று யான் பதினான்கு வயதுச் சிறுவன். அச்சொல்லே இன்றளவும் என்னை எண்ணச் செய்து வருகின்றது.

உறவுமுறைப் பெயர்களிற் சீனரும் நாமும் பெரிதும் ஒத்திருத்தல் வியப்புக்குரியது. தந்தையின் தமையன் ஒருவர், தந்தையின் தம்பி வேறொருவர், தாயுடன் பிறந்தார் மற்றொருவர். மூவர்க்கும் மூன்று பெயர்கள் உள. ஆங்கிலமோ மூவரையும் ஒரே சொல்லாற் சுட்டி ஒழிந்துவிடும். முன்பின் அறியாதாரையும் அக்காள் என்றும், மாமா என்றும், பாட்டி என்றும் விளிக்கும் வழக்கம் ஆண்டும் உண்டு. தந்தையின் தமையன் தம்பியர் மக்களைக் குறிக்க 'தாங்' என்னும் அடைமொழி சேர்ப்பர்; அதற்குக் கூடம் என்பது பொருள். ஆகவே, யானும் என் தமக்கையாரும் சீன முறைப்படி ஒரே கூடத்துப் பிள்ளைகளாவோம். ஆனால், பெண் வழியிற் பிறந்த உறவெல்லாம் அக்கூடத்திற்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்டது. அதனாலேயே தாயைப் பெற்றவளுக்கும், மகள் பெற்ற பிள்ளைக்கும் 'வாய்' என்னும் புறச்சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

அச்சொல் ஒட்டுமிடம் இன்னும் இரண்டு உண்டு. வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த சீனரைச் சீனரே 'வாய்-தி-ரென்' என்பர்; புறவூரார் என்பது அதன் பொருள். வேற்று நாட்டாரை 'வாய்-குவோ-ரென்' என்பர். புறநாட்டார் என்பது பொருள். தெருவிற் செல்லும் அயல்நாட்டானைக் கண்டு சிறுவர் 'லாவ்வாய்' என்று கூவுவதும் இதுவே. தாயைப் பெற்ற பாட்டி, பிழைப்புத் தேடி வந்த புறவூரார், கடல் கடந்து வந்த அயலார் ஆகிய இம்மூவரும் ஒரே அடைமொழியின் கீழ் நிற்கின்றனர். அகம் புறம் என்னும் பாகுபாட்டையே நாள்தோறும் ஓதி வரும் தமிழ் மாணவனுக்கு இது சிறிய செய்தியன்று.

இனி, கெச்சியாவில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சிறிது கூறுவேன். அவ்வூர் துணிக்கென்றே அமைந்த ஊர். அங்குள்ள துணிச் சந்தைக்கு இந்திய வணிகர் பலர் நெடுங்காலமாகச் சென்று வருகின்றனர். குடும்பத்தோடு தங்கினாரும் உளர். அத்தானுடைய வேலை, துணிச் சுருளை விளக்கொளி படும் சாய்பலகையின்மேல் ஓடவிட்டுப் பழுதுகளை எண்ணுவதாம். பழுது மூன்று அங்குலத்துள் அடங்கினால் ஒரு புள்ளி. ஆறு வரை இரண்டு. ஒன்பது வரை மூன்று. அதற்கு மேற்பட்டால் நான்கு. புள்ளிகள் மிகுந்தால் சுருள் தள்ளப்படும். இஃது எளிது. கடினமானது நிறம். ஒரே சாயமாயினும் தொட்டிக்குத் தொட்டி சிறிது வேறுபடும். அத்தான் வேறுபாடு உண்டு என்பார். சாயப்பட்டறைத் தலைவர், 'சா-பு-துவோ' என்பார். ஏறத்தாழ ஒன்றே என்பது அதன் பொருள். இருவருக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளர் இருவரையும் சினம் கொள்ளாமற் காக்கும் பொருட்டு இருவர் சொல்லையும் மெலிதாக்கி உரைப்பார். ஈராண்டுகள் இவ்வாறே கழிந்தனவாம். பின்னர் ஒருநாள் அத்தான் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு, நண்பகல் உணவின்பின் பட்டறையார் சாய்ந்து கண்ணயரும் நேரம் முடியுமட்டும் காத்திருந்து, தலைவரோடு வெந்நீர் அருந்தி, இரு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சன்னலோரம் சென்றார். பகலொளியில் இருவரும் பேசாது நோக்கினர். தலைவர் தாமாகவே ஒரு துண்டைத் தள்ளி வைத்தார். அன்று தொடங்கியே அத்தான் அம்மொழியைக் கற்கலானார். கிறிஸ்துமஸ் நாளும் அந்நாட்டில் வேலை நாளே. அன்று மாலை அதே தலைவர் ஓர் ஆரஞ்சுப் பழக் கூடையை அனுப்பியதாகச் சொல்லுவர்.

அக்காளின் நிலை வேறு. அவர் வேதியியலில் முதுகலை பயின்று ஈராண்டு பள்ளியாசிரியராயிருந்தவர். சீன நாட்டிலோ அவருடைய கடவுச்சீட்டில் ஒட்டிய தாள், கணவரைச் சார்ந்து வந்தவர் என்பதை மட்டுமே சொல்லிற்று. அத்தாள் உடையார் ஊதியம் பெறும் வேலை செய்தல் ஆகாது. கணவரின் தாளும் அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தோடு கட்டுண்டது. வேலை போனால் வாழும் உரிமையும் போம். 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விடுதியிலன்றி வீட்டில் தங்கும் அயலார் 24 மணி நேரத்துள் காவல் நிலையத்திற் பதிந்துகொள்ளல் வேண்டும். இவற்றை யான் குறையாகக் கூறவில்லை. எந்நாடும் தன் வாயிலைக் காக்கும். ஆனால், கல்வியும் தொழிலும் உடைய பெண் ஒருத்தி, ஏழாம் மாடியில் ஒரு கைக்குழந்தையோடு அமர்ந்து, கீழே ஓடும் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் மறைத்தல் தகாது. அயல்நாட்டு வேலையின் சிறப்பைப் பேசுவோர் ஊதியத்தைச் சொல்லுவர். அவ்வூதியத்திற்காக மனைவியின் தொழில் விலையாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்லுவார் இலர்.

எனினும், கணவருக்கு முன்னரே மொழியைக் கற்றவர் அவரே. ஆலையில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. காய்கறிச் சந்தையில் யார் உளர்? ஆறு முதல் பத்து வரை ஒரே கையின் விரல்களால் காட்டும் முறையை முதலிற் கற்றார். கட்டைவிரலும் சிறுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் எட்டு. முதல் மாதமெல்லாம் சந்தைக்காரி பாதி நிறையே தந்து ஏமாற்றுவதாக எண்ணி வருந்தினாராம். ஆண்டு விலை சொல்லுவது 'ஜின்' என்னும் அரைக் கிலோ நிறைக்கு என்பது பின்னரே தெரிந்தது. அதே சந்தையில், குழந்தை கறுப்பு என்று முகத்திற்கு நேரே சொல்லிய கிழவியரும் உண்டு. கேளாமலே குழந்தையின் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தவரும், படம் எடுத்துக்கொண்டவரும் உண்டு. அக்காள் இதனைச் சினத்தோடு எழுதியிருந்தார். அக்கடிதத்தைப் படித்தபோது, நம் ஊரிற் பெண் பார்க்கச் செல்வோர் பேச்சு என் நினைவிற்கு வந்தது.

அக்காளை மாடியிலிருந்து இறக்கிக் கொணர்ந்தவர் 'ஆயி'. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டு வேலைக்கும் வரும் பெண்ணைச் சீனர் அவ்வாறே அழைப்பர். நம் ஆயி என்னும் சொல் தாயைக் குறிக்கும். ஆயா என்பது போர்த்துகீசியர் வழி வந்தது என்பர். சீனத்து ஆயி இவ்விரண்டோடும் தொடர்பில்லாதது, தாயுடன் பிறந்தாளைக் குறிப்பது. எனவே முறைப்படி அவர் குழந்தைக்குச் சின்னம்மா. ஐம்பது வயதினர், ஆன்ஹுய் மாகாணத்துச் சிற்றூரினர். தம் மகளை ஊரிற் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பிறர் மக்களை வளர்க்க நகரத்திற்கு வந்தவர். 1958-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிற் பதிவு செய்யப்பட்டுள்ளனர். பதிவு ஊரிலிருக்கப் பிழைப்பு வேற்றூரிலிருந்தால், பிள்ளையை உடன் வைத்துப் படிப்பித்தல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஆகவே ஆயியும் ஷாவ்ஷிங்கில் ஒரு 'வாய்'. புறநாட்டார் வீட்டில் புறவூராள் வேலைக்கு வந்தாள். தன்னை என்றும் வெளியாளாகவே வைத்திருக்கின்றனர் என்று சீன நாட்டில் வாழும் அயலார் முறையிடுவதைப் பலகாற் கேட்டிருக்கின்றேன். அவர்கள் தம் சமையலறையில் நிற்பவளைச் சிறிது திரும்பிப் பார்த்தல் நன்று.

ஷாவ்ஷிங்குக்கு வளர்ப்புப் பெண்கள் புதியரல்லர். புதுச் சீன இலக்கியத்தின் முன்னோடியாகிய லூ சுன் அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர். தம்மை வளர்த்த ஆ சாங் என்னும் பெண்ணைப் பற்றி அவர் 1926-இல் ஒரு கட்டுரை எழுதினார். தாம் ஏங்கிய படநூலொன்றைக் கற்றோர் எவரும் தேடித் தாராதிருக்க, அவளே வாங்கி வந்து தந்ததை அதிற் கூறியுள்ளார்.

2020-ஆம் ஆண்டுக்கு மீளுவோம். புத்தாண்டுக்கு வந்தவர்கள் மூன்று வாரத்தில் திரும்புவதாக இருந்தனர். தொற்றுநோய் பரவிற்று. மார்ச்சு 28-ஆம் நாள், வாழ்வுரிமைத் தாள் பெற்ற அயலாரும் உள்ளே வரலாகாது என்று சீன அரசு வாயிலை அடைத்தது. இரண்டரை ஆண்டுகள் அத்தான் எங்கள் மாடியறையில் அமர்ந்து, கைபேசியில் வரும் துணிப் படங்களைக் கண்டு, குறைந்த ஊதியத்திற்கு வேலை செய்தார். கெச்சியாவில் வீடு பூட்டிக் கிடந்தது. திறவுகோல் ஆயியிடம் இருந்தது. அவர் வாரம் ஒருமுறை சென்று சன்னல்களைத் திறந்து வைத்தார். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது, பொருள்களையெல்லாம் பதினொரு பெட்டிகளிற் கட்டி, தாம் குடியிருந்த ஒற்றை அறையிற் கொண்டுபோய் அடுக்கினார். இட்டலித் தட்டு இன்னதென்று அவர் அறியார். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே செய்தித்தாளிற் சுற்றி வைத்திருந்தார். சுமைவண்டிக் கூலியை மட்டும் பெற்றுக்கொண்டார். எந்த அலுவலகத் தாளிலும் அவர் பெயர் எங்கள் குடும்பத்தோடு சேர்த்து எழுதப்படவில்லை.

அக்காலத்திற்றான் மற்றோர் இழப்பு நேர்ந்தது. குழந்தை முதலில் நாள்தோறும் கைபேசியில் ஆயியோடு பேசும். ஆறு மாதத்திற்குப் பின் பேச்சு குறைந்தது. ஓராண்டு சென்றபின், ஆயி பேசுவார், குழந்தை வாளா நோக்கும்; பொருள் விளங்காமையால் நாணித் தாயின் பின்னே ஒளியும். அது நல்ல தமிழ் பேசத் தொடங்கிற்று, பெரியம்மா மகிழ்ந்தார். "ஒட்டியது உதிர்ந்துவிட்டது" என்று அவர் சொன்னது என் காதில் இன்றும் உள்ளது. கைபேசியின் மறுபக்கத்தில் ஓர் அம்மையார் புன்னகையோடு காத்திருந்ததை யான் பார்த்தேன்.

வேற்று நாட்டிற் பிழைப்போர் தம் குடும்பத்தைச் சுவர் எழுப்பிக் காத்துக்கொள்ளல் வேண்டும், மொழியும் பழக்கமும் ஒட்டாமல் பணத்தோடு மீளல் வேண்டும் என்பது நம்மவர் பலரின் கொள்கை. இக்கொள்கை புதிதன்று. 1842-ஆம் ஆண்டு நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பின் சீனத்திற் குடியேறிய மேனாட்டார் பலரும் சுவர் சூழ்ந்த வளவுகளிலேயே வாழ்ந்தனர். அந்நாட்டுச் சட்டமும் அவர்களைத் தீண்டாவண்ணம் உடன்படிக்கைகள் காத்தன. பெர்ல் பக் அம்மையார் அத்தகைய சமயத்தொண்டர் ஒருவரின் மகள். 1892-இற் பிறந்து, சில மாதக் குழவியாகச் சீனம் சென்றவர். சீனச் செவிலியின் மடியில் வளர்ந்தமையால் ஆங்கிலத்தோடு சீனமும் அவர்க்குத் தாய்மொழி போலாயிற்று. மணமான பின் நான்ஜிங்கில் வாழ்ந்தார். 1927 மார்ச்சு 24-ஆம் நாள் அந்நகரிற் படையினர் அயலார் வீடுகளைச் சூறையாடியபோது, அவர் குடும்பத்தை மறைத்து வைத்தது சுவரன்று. முன்னர் அவரால் உதவி பெற்ற ஏழைப் பெண்ணொருத்தியின் குடிசையேயாகும். அதன்பின் அவர்களை அந்நகரிலிருந்து கொண்டுசென்றவை போர்க்கப்பல்கள் என்பதும் உண்மையே. ஆனால், கப்பல் வருமட்டும் உயிர் இருந்தது குடிசையில்.

சுவரே கட்டாதவரும் உண்டு. 1938-இல் இந்தியத் தேசியக் காங்கிரசு சீனத்திற்கு அனுப்பிய மருத்துவர் ஐவருள் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். ஏனையோருள் பலர் மீண்டபின்னரும் அவர் ஆண்டே தங்கி, மொழி கற்று, குவோ சிங்லான் என்னும் செவிலியர் ஆசிரியையை மணந்தார். மகனுக்கு இந்தியாவையும் சீனத்தையும் இணைத்து இன்ஹுவா என்று பெயரிட்டனர். அம்மகவு பிறந்த சில மாதங்களில், 1942 திசம்பர் 9-ஆம் நாள், 32 வயதில் அவர் இறந்தார். அவரைப் போற்றுகின்றேன், எனினும், எல்லாரும் கோட்னிஸ் ஆதல் வேண்டும் என்று சொல்லேன். சில ஆண்டுகள் வாழ்ந்து தாம் சீனராகவே ஆகிவிட்டதாகப் பெருமை பேசுவோரை எனக்கு ஐயமே. சுவருக்கும் அப்பெருமைக்கும் நடுவே ஓரிடம் உண்டு. புறத்தாராகவே இருந்துகொண்டு, அண்டை வீட்டாரின் மொழியிற் பேசி, அவர் கதவைத் தட்டத் தக்கவராக வாழும் இடம் அது. நம் கல்லூரியைத் தோற்றுவித்தோரும் இங்கே புறத்தாராக வந்தவரே. அவருள்ளும் வளவின் சுவருக்குள் வாழ்ந்து மறைந்தார் பெயர் எவர்க்கும் நினைவில்லை.

ஆயி கூலிக்காகத்தானே வளர்த்தாள் என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். கூலி தொடக்கம் என்பதை யான் மறுக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்ததற்குக் கூலி இல்லை.

2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்தியத் தொழிலாளர் குடும்பங்கட்கு மீண்டும் நுழைவுரிமை வழங்கத் தொடங்கினர். செப்டம்பரில் மூவரும் திரும்பினர். ஆயி அதற்குள் தம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊர் சென்றிருந்தார். பெட்டிகள் அவர் தம்பியிடம் இருந்தன. 2023 சனவரி 22-ஆம் நாள் புத்தாண்டு. கட்டுப்பாடுகள் நீங்கியமையால், முந்திய நாளே இரயிலிலும் பேருந்திலுமாக ஆன்ஹுய்க்குச் சென்றனர். குழந்தை வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்ததாம். வீட்டு வாயிலிற் போய் நின்றதும் அதுவும் மறந்துவிட்டது. அடுத்த வீட்டுக் கிழவி எட்டிப் பார்த்து, இந்தக் கறுப்புப் பிள்ளை யாருடையது என்று வினவினாள். ஆயி, "வாய்-சுன்-நியூ" என்றார். மகள் வயிற்றுப் பேத்தி என்பதற்குச் சீனர் வழங்கும் சொல் அது. அதிலும் அந்தப் புறம் இருக்கின்றது.

இப்போது குழந்தைக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. கெச்சியாவில் உள்ளூர்ப் பள்ளியிற் படித்து, இழந்த மொழியைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டது. சீன எழுத்துகளைத் தாயினும் விரைவாக எழுதுகின்றது. தமிழை ஞாயிறுதோறும் கைபேசி வழியாக யான் கற்பிக்கின்றேன். ஆறாம் வகுப்பிற்கு அதனை ஊருக்கு வரவழைத்து, இங்குள்ள பள்ளி விடுதியிற் சேர்த்துவிடல் வேண்டும் என்பது பெரியம்மாவின் விருப்பம். இன்னும் தாமதித்தால் குழந்தை அங்கேயே ஒட்டிவிடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் அன்பினின்று எழுந்தது என்பதை அறிவேன். ஆயினும், ஒருமுறை அதன் நாவிலிருந்து ஒரு மொழி உதிர்ந்ததை அருகிருந்து கண்டவன் யான். மறுமுறையும் அது நிகழ்தல் ஆகாது என்பதே என் கருத்து. பத்து வயதுப் பிள்ளை இரண்டு பாட்டிமார்க்கும் அவரவர் மொழியில் விடை சொல்லட்டும். பெற்றோர் அங்குள்ளவரை அது அவர்களுடனேயே இருக்கட்டும்.

சென்ற மாதம் இவ்விவரங்களைப் பெரியம்மாவிற்குக் கடிதமாக எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். அதே வாரத்தில் அவர் என்னை அழைத்து, அக்காளுக்குப் பொதி அனுப்பப் போவதாகக் கூறி, ஆயி ஊரில் இட்டலி அவிக்க நெருப்பு அடுப்பா, வாயு அடுப்பா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான்கு குழியுடைய தட்டுகள் மூன்று வாங்கி வைத்திருக்கின்றார்.